பாதியில் துப்பிவிடுகிற டிஸ்க்

என் செல்ல மகளுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, எனக்குத் தொண்டை மட்டும் காலையில் கொஞ்சம் கட்டிக்கொள்கிறது, வெந்நீர் குடித்தால் சரியாகிவிடுகிறது. அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சிரித்த முகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். இந்த வீட்டில் இத்தனை நாளாக உடம்பு சரியில்லாமல் கிடந்தது ஒரே ஒரு ஆள்தான், நீ வாங்கி அனுப்பிய லேப்டாப். போனில் நீ கேட்கும்போதெல்லாம் "அது ஒண்ணுமில்ல, சும்மா கொஞ்சம் மக்கர் பண்ணுது" என்று மழுப்பிவிட்டேன். ஆசையாக வாங்கிக் கொடுத்த பொருளில் கோளாறு என்றால் நீ மனசு கஷ்டப்படுவாய், கையோடு இன்னொன்று வாங்கி அனுப்பிவிடுவாய் என்று பயம். இப்போது ஒன்றுவிடாமல் எழுதிவிடுகிறேன். போனில் சொன்னால் பாதியில் உனக்கு வேலை வந்துவிடும், இல்லாவிட்டால் அப்பா பின்னாலிருந்து "அப்படி இல்ல, நான் சொல்றேன்" என்று பிடுங்கிக்கொள்வார்.

பார்வை இல்லாதவர்களின் நூலகத்துக்காக நான் புத்தகம் வாசித்துப் பதிவு செய்து கொடுப்பது உனக்குத் தெரியும், ஆனால் எப்படிச் செய்கிறேன் என்று நீ பார்த்ததில்லை. நம் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவில் துணி வைக்கிற சின்ன அறை இருக்கிறதல்லவா, அதுதான் என் ஸ்டுடியோ. தெருவில் எதிரே வண்டி ரிப்பேர் செய்கிற ஒரு பட்டறை வந்துவிட்டது, நாள் முழுக்க யாராவது ஹாரனை அடித்துச் சோதித்துக்கொண்டே இருக்கிறார்கள். துணி அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டால் அந்தச் சத்தம் வராது. சுற்றிலும் அப்பாவின் பழைய கோட்டும் கம்பளிகளும் தொங்கும், நான் ஒரு முக்காலியில் உட்காருவேன், எதிரே தகரப் பெட்டி, அதன்மேல் நாலாக மடித்த கம்பளி, அதன்மேல் லேப்டாப். வெறும் பெட்டிமேல் வைத்தால் உள்ளே சுற்றுகிற குட்டிக் காத்தாடியின் அதிர்வு தகரத்தில் இறங்கி 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் பதிவு முழுக்கக் கேட்கிறது. வாசித்து முடித்ததும் அங்கே உட்கார்ந்தபடியே ஒரு டிஸ்க்கைப் போட்டு அதில் ஏற்றிவிடுவேன், அதை அப்பா தபாலில் சேர்த்துவிட்டு வருவார். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதாதா என்று நீ கேட்பாய், நானும் நூலகரிடம் கேட்டேன். அவரிடம் இருப்பது டிஸ்க்கைப் பார்த்து டிஸ்க் பிரதி எடுக்கிற மெஷின் ஒன்றுதான், உறுப்பினர்கள் வீட்டில் இருக்கும் பிளேயரும் டிஸ்க் போடுகிற மாதிரிதான். பெரிய பெரிய பட்டன் வைத்து அவர்களுக்கென்றே செய்தது, அதைத் தடவிப் பார்த்துப் பழகிய கைகள், மாற்றினால் தடுமாறிப் போவார்கள் என்றார்.

கடைசியாக நான் எடுத்துக்கொண்டது ஒரு கலங்கரை விளக்கக்காரரின் கதை. அவருக்கு இரண்டு பெண்கள், அம்மா இல்லை. மூத்தவள் கரைக்கு வந்துபோகும் ஒரு படகுக்காரனோடு போய்விடுவதா, அப்பாவோடு அந்தப் பாறையிலேயே இருந்துவிடுவதா என்று புத்தகம் முழுக்கத் தவிக்கிறாள். நல்ல தடிமனான புத்தகம். ஒவ்வொரு பகுதியாக அனுப்ப அனுப்ப நூலகர் பிரதி எடுத்து எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தார். கேட்கிறவர்களில் ஒரு நீச்சல் டீச்சர் உண்டு, ஒரு காலத்தில் எத்தனையோ பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கிவிட்ட பெண்மணி, நடு வயதில் பார்வை போய்விட்டது. நூலகரிடம் என் நம்பரை வாங்கி ஒவ்வொரு டிஸ்க் கேட்டு முடித்ததும் கூப்பிடுவார். "ஏங்க, அந்தப் பொண்ணு படகுல ஏறினாளா இல்லையா, அத மட்டும் சொல்லிடுங்க" என்பார், நான் வாயைத் திறக்கப் போனால் "வேணாம் வேணாம், சொல்லிடாதீங்க" என்று அவரே தடுத்துவிடுவார். இப்படி எங்கள் கூத்து நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

புத்தகம் பாதியைத் தாண்டியதும் லேப்டாப் தன் வேலையைக் காட்டியது. டிஸ்க் பாதிவரை ஏறும், அப்புறம் உள்ளே யாரோ தொண்டையைக் கனைப்பது மாதிரி ஒரு சத்தம், 'எழுத முடியவில்லை' என்று திரையில் ஒரு வரி, டக்கென்று தட்டு வெளியே வந்துவிடும். பிடிக்காத மருந்தைக் குழந்தை துப்புகிற மாதிரி துப்பிவிடும். அந்த டிஸ்க் வீண். இன்னொன்று போட்டால் அதையும் துப்பும். நான் வாரண்டி அட்டையைத் தேடி எடுத்து கம்பெனியின் உதவி நம்பருக்குப் போன் போட்டேன். அந்தப் பாட்டு இருக்கிறதே, காத்திருங்கள் காத்திருங்கள் என்று ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் போடுகிற பாட்டு, அது இப்போது எனக்குத் தூக்கத்தில்கூட கேட்கிறது. முதலில் ஒருவர் அணைத்துப் போடச் சொன்னார். அடுத்தவர் வேறு கம்பெனி டிஸ்க் வாங்கிப் பார்க்கச் சொன்னார். இன்னொருவர் லென்ஸைத் துடைக்கிற டிஸ்க் என்று ஒன்றை வாங்கிப் போடச் சொன்னார், அதையும் சமர்த்தாக உள்ளே வாங்கிச் சுற்றிவிட்டு அடுத்த டிஸ்க்கைத் துப்பியது. ஒவ்வொரு தடவையும் புது ஆள், ஒவ்வொரு தடவையும் நான் ஆரம்பத்திலிருந்து ராமாயணம் பாட வேண்டும். கம்ப்யூட்டரையே புதுசு மாதிரி துடைத்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றச் சொன்னார்கள், அதையும் செய்தேன், உன் சின்ன வயசுப் படங்களை மட்டும் பென் டிரைவில் பத்திரப்படுத்திவிட்டு.

இந்த இடத்தில்தான் அப்பா உள்ளே வருகிறார். அவரைப் பற்றி உன்னிடம் போனில் முழுசாகச் சொன்னதில்லை. பஸ் நேர அட்டவணை போடுகிற வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து மனிதர் பேச்சையே குறைத்துவிட்டார். காலையில் பேப்பரை விரித்தால் மத்தியானம்வரை அதே பக்கம். சாப்பிட்டீர்களா என்றால் ம், வெளியே போகலாமா என்றால் ம்ஹூம். பல் வலியா என்றுகூடக் கேட்டுவிட்டேன். நான் துணி அறைக்குள் போய் வாசிப்பதை "உங்கம்மா அலமாரிக்குள்ள கச்சேரி பண்றா" என்று உன்னிடம் கிண்டல் செய்வாரே தவிர ஒரு நாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. அன்றைக்கு நான் போனைக் காதில் வைத்தபடி கண் கலங்கி நின்றதைப் பார்த்துவிட்டார் போல. எழுந்து வந்து கையிலிருந்து போனை வாங்கினார். "குடு, இவங்க என்னதான் சொல்றாங்கன்னு நான் பாக்குறேன்" என்றார். அன்றோடு பேப்பர் மடிந்தது. மறுநாளிலிருந்து கம்பெனிக்குப் போன் பண்ணுவதற்கு முன்னால் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொள்ள ஆரம்பித்தார். போனில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டால், "சட்டை போடாம புகார் குடுத்தா குரல்ல தெரிஞ்சிடும்" என்கிறார்! வெளியே தனியாக டிஸ்க் எழுதுகிற டிரைவ் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது என்று மாடி வீட்டுக்காரர் நல்ல மனசோடு சொன்னார். அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார் பார், "அவங்க பொருளு, அவங்கதான் சரி பண்ணணும்" என்று, அவர் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

அப்பாவின் பிடிவாதத்தில் லேப்டாப் சர்வீஸ் சென்டருக்குப் போய் வந்தது. டிரைவையே மாற்றிக் கொடுத்தார்கள். சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சின்னதாக ஒரு பாட்டை ஏற்றிப் பார்த்தோம், அழகாக ஏறியது, அப்பா எனக்குக் கை கொடுத்தார். மறுநாள் துணி அறையில் வாசித்து முடித்து டிஸ்க்கைப் போட்டேன், பாதியில் துப்பிவிட்டது. அப்புறம் வீட்டுக்கே ஒரு சர்வீஸ்காரர் வந்தார். மேஜைமேல் விரித்து, திறந்து, மூடி, பெரிய படம் ஒன்றையே டிஸ்க்கில் ஏற்றிக் காட்டினார். ஒரு கனைப்பு இல்லை, ஒரு முனகல் இல்லை, பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வரும்போது உட்காரும் பிள்ளை மாதிரி இருந்தது. "டிரைவ் நல்லாத்தாம்மா இருக்கு, நீங்க எங்கயாவது தப்பா அமுக்குறீங்களோ என்னமோ" என்று சொல்லி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. உண்மையிலேயே தப்பாக எதையோ அமுக்குகிறேனோ, வயசாகிவிட்டதோ என்று. அவர் போன மறுநாளே அது மறுபடி துப்பியது. அன்றைக்கு அப்பா போனில் கத்தினார் பார், நான் கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. எதிர்ப் பட்டறையில் ஹாரன் அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். மறுமுனையில் ஒரு பெண், ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. நம் பாஷையில் பேசுகிற பெண். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை, "சார்... சார்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள், அந்தக் குரல் போகப் போகச் சின்னதாகிக்கொண்டே வந்தது.

நான் அப்பாவின் தோளைத் தொட்டு, "நம்ம பொண்ணும் இப்படித்தானே ஒரு மேஜைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு இருப்பா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். காணாமல் போன பெட்டிகளுக்கு நீ விமான நிலையத்தில் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறாயே, போன மாதம் போனில் "எல்லாரும் என்னையே திட்டுறாங்கம்மா, பெட்டிய நானா தொலைச்சேன், வேலைய விட்டுடலாம்னு இருக்கு" என்று அழுதாயே, அது அவருக்கும் கேட்டுத்தானே இருந்தது. அப்பா குரலைத் தணித்துக்கொண்டு, "நீங்க சாப்ட்டீங்களாம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண், "இன்னும் இல்ல சார்" என்றாள். "போய் முதல்ல சாப்புடுங்க, டிஸ்க் எங்கயும் ஓடிப்போயிடாது, நான் அப்புறமா கூப்புடுறேன்" என்று வைத்துவிட்டார். அவர் கூப்பிடவில்லை, அவளே கூப்பிட்டாள். இனிமேல் உங்கள் புகாரை வேறு யாரும் எடுக்காமல் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மேலதிகாரி பழுது இல்லை என்று எழுதி மூடிவிடச் சொல்லியிருக்கிறார், அவள் மூடவில்லை. மேஜையில் ஒழுங்காக வேலை செய்கிற ஒன்று ஏன் உங்களிடம் மட்டும் மறுக்கிறது, அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும் என்று சொன்னாள். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. நான் பொய் சொல்லவில்லை என்று நம்புகிற ஒரு ஆள் கிடைத்துவிட்டாளே.

இதற்கு நடுவில் நீச்சல் டீச்சருக்கு இதயத்தில் அடைப்பு என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அவரே கூப்பிட்டுச் சொன்னார், குரலில் பயத்தைக் காட்டிக்கொள்ளாமல். "ஆழத்துல இறங்குற பிள்ளைங்களுக்கு நான் எவ்ளோ தைரியம் சொல்லியிருக்கேன், இப்ப என் முறை" என்றார். அப்புறம், "கதைய மட்டும் முடிச்சுக் குடுத்துடுங்க" என்றார். நான் மிச்சத்தைப் போனிலேயே தினமும் வாசிக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "போன்ல வேணாம். நீங்க படிக்கிறப்ப நான் அழுதா உங்களுக்குக் கேக்கும். டிஸ்க்கா இருந்தா நானே பட்டனைத் தட்டிக்குவேன், வேணும்கிறப்ப நிறுத்திக்குவேன், அது என் கையில இருக்கும்" என்றார். எனக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரியில் எழுப்புவதும் படுக்க வைப்பதும் எல்லாம் அடுத்தவர் கையில், இது ஒன்றாவது தன் கையில் இருக்கட்டும் என்று நினைக்கிறார். சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து எப்படியோ சில டிஸ்க்குகளை ஒப்பேற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன், ஆனால் கடைசி அத்தியாயம் நீளமானது. அதை நறுக்கினால் கடலின் நடுவில் கதை அறுந்துபோகும்.

நான் இதையெல்லாம் கம்பெனிப் பெண்ணிடம் சொன்னேன். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், யார் வீட்டுக் கஷ்டத்தையோ அவள்மேல் ஏற்றுவானேன் என்று, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மா, இவ்ளோ நாளா நாங்க சொல்லச் சொல்ல நீங்க செஞ்சீங்க. ஒரு தடவை நீங்க வழக்கமா எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்ங்க. நான் லைன்ல சும்மா இருக்கேன், வாயே திறக்க மாட்டேன்" என்றாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று பேருமாக, அதாவது நானும் அப்பாவும் போனுக்குள் அவளும், துணி அறைக்குள் போனோம். அந்த இடத்தில் ஒரு ஆள் உட்காருவதே பெரிய விஷயம். அப்பா தன் பழைய கோட்டுக்குக் கீழே, தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார், போன் அவர் மடியில். கதவைச் சாத்தினேன். மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு கடைசி அத்தியாயத்தை ஆரம்பித்தேன்.

மகளே, அன்றைக்கு நான் எப்படி வாசித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. காற்று அடிக்கிறது, மூத்த பெண் ஒற்றைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாறையில் இறங்கி வருகிறாள், படகு ஆடிக்கொண்டு நிற்கிறது, விளக்கை விட்டுவிட்டு அப்பன் பின்னாலேயே ஓடி வருகிறான். புத்தகத்திலிருந்து ஒரு கண்ணை எடுத்து அப்பாவைப் பார்த்தேன். நம் வீட்டு மனிதர் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். வந்தது டிரைவைக் கவனிக்க, கவனம் எல்லாம் அந்தப் பெண்மேல். நன்றாகக் கேட்க வேண்டும் என்று முன்னால் நகர்ந்து நகர்ந்து வந்தவரின் முழங்கால் கம்பளியில் இடித்து லேப்டாப் சரியப் பார்த்தது. விழாமல் தாங்குவதற்குக் கையைக் கீழே கொடுத்தாரோ இல்லையோ, "ஐயையோ, கொதிக்குது! கிட்ட வராதே!" என்று ஒரு அலறல். நான் பயந்துபோய்ப் பதிவை நிறுத்திவிட்டேன். கையை உதறிக்கொண்டு, அது வெடித்துவிடும் என்று நினைத்து என்னைக் கதவுப் பக்கம் தள்ளுகிறார். மடியிலிருந்து உருண்ட போனுக்குள்ளே, வாயே திறக்க மாட்டேன் என்று சொன்ன பெண் கத்துகிறாள், "சார்! எது சார் சூடு? அத எது மேல வெச்சிருக்கீங்க?" கம்பளிமேல் என்று நான் சொன்னேன். நாலாக மடித்த கம்பளி, ஏனென்றால் சத்தம் வரக்கூடாதே என்று. அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. "அம்மா, அதுக்கு மூச்சு விடுற ஓட்டை அடியிலதாம்மா இருக்கு" என்றாள்.

இப்போது உனக்கும் புரிந்திருக்கும். வாசிக்கிற நேரம் பூராவும் அது கம்பளிக்குள் மூச்சு முட்டிக்கொண்டு கிடந்து இஸ்திரிப் பெட்டி மாதிரி ஆகிவிடும், அந்தச் சூட்டில் நான் டிஸ்க்கை வேறு திணிப்பேன், பாவம், அது எப்படி எழுதும்? மேஜையில் எடுத்து வைத்தால் ஆறிவிடும், சர்வீஸ்காரர் முன்னால் நல்ல பிள்ளையாகிவிடும். நான் சத்தம் வரக்கூடாது என்று எடுத்துக்கொண்ட அக்கறைதான் அதன் கழுத்தை நெரித்திருக்கிறது. கீழே என்ன வைத்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, கேட்காததை நான் எப்படிச் சொல்வேன்? அந்தப் பெண் சொன்னபடி சமையலறையிலிருந்து பாத்திரம் கவிழ்க்கிற கம்பித் தட்டைக் கொண்டுவந்து, அதன் கால்களுக்கு மட்டும் கம்பளித் துண்டைக் கட்டி, மேலே லேப்டாப்பை வைத்தோம். அடியில் காற்றும் ஓடியது, ரீங்காரமும் இல்லை. அது ஆறும்வரை அப்பாவின் கைக்கு மருந்து போட்டேன், பெரிய காயம் ஒன்றும் இல்லை, விரல் நுனி கொஞ்சம் சிவந்திருந்தது, பயந்ததுதான் அதிகம். திரும்ப உட்கார்ந்து மிச்சத்தை வாசித்து முடித்தேன். டிஸ்க்கைப் போட்டேன். பாதி வந்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். பாதியைத் தாண்டியது. கனைப்பு இல்லை. ஓடி ஓடி முழுசாக முடிந்து, 'முடிந்தது' என்று திரையில் வந்ததும், தட்டு மெதுவாக, மரியாதையாக வெளியே வந்தது. அப்பா போனில், "எழுதிடுச்சும்மா, முழுசா எழுதிடுச்சு!" என்றார். அந்தப் பெண் பக்கத்து இருக்கைக்காரிக்கும் தன் ஹெட்போனில் ஒரு பக்கத்தைக் காதில் கொடுத்திருந்தாளாம், அங்கே இரண்டு பேர் கை தட்டுகிற சத்தம் கேட்டது.

புகாரை மூடுவதற்கு முன்னால் அவள் அப்பாவிடம் ஒன்று சொன்னாளாம். அவர் கத்தின அன்றைக்குக் காலையில்தான் வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்கலாம் என்று வந்தாளாம், சாப்பிட்டீர்களா என்று கேட்டதும் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாளாம். இதை நான் உனக்கு எதற்காக எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். நீ விடு என்றும் சொல்லவில்லை, விடாதே என்றும் சொல்லவில்லை, அது உன் முடிவு, எந்தப் பக்கம் எடுத்தாலும் எங்களுக்குச் சம்மதம். பெட்டி தொலைந்தவர்கள் கத்தும்போது அவர்கள் உன்னைத் திட்டவில்லை, தங்களை நம்புகிற ஒரு முகத்தைத் தேடுகிறார்கள் என்று மட்டும் எனக்கு இப்போது தெரியும், நானே அப்படித் தேடினவள். பெட்டி கிடைக்காமல் போனாலும் தேடிக் கொடுக்க ஒருத்தி நின்றாள் என்பதை அவர்கள் மறக்க மாட்டார்கள். நீ அழுதுகொண்டே வேலைக்குப் போகாதே, அழுகை வந்தால் எங்களைக் கூப்பிடு, அப்பாவுக்கு இப்போது போனில் பேசுவது நன்றாகப் பழகிவிட்டது.

டிஸ்க் தபாலில் போனால் தாமதமாகும் என்று அப்பாவே பஸ் பிடித்து நூலகத்துக்குக் கொண்டுபோனார். நூலகர் அன்றைக்கே பிரதி எடுத்து டீச்சருக்குக் கொடுத்துவிட்டார். நாலைந்து நாள் எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன், அப்பா ஒன்றும் கேட்காமல் அடிக்கடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் டீச்சரின் தங்கை கூப்பிட்டு, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கண் விழித்துவிட்டார், கஞ்சி குடித்தார் என்று சொன்னாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நடக்க ஆரம்பித்ததும் டீச்சரே கூப்பிட்டார், குரல் மெலிந்திருந்தது ஆனால் தெம்பாக இருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு தடவை கேட்டாராம். படகைப் பற்றி நெடுநேரம் பேசினோம், அதை உனக்கு எழுத மாட்டேன், நீயே கேட்டுத் தெரிந்துகொள். கடைசியில் அவர், "எல்லாம் நீங்கதான் படிச்சீங்க, சரி. அந்த அப்பா ஓடி வந்து ஐயையோ கொதிக்குது, கிட்ட வராதேன்னு பொண்ணைப் பாத்துக் கத்துறாரே, அந்தக் குரல் யாருங்க? கடலே என் காலுக்குக் கீழ வந்துட்ட மாதிரி இருந்துச்சு. நான் எத்தனை பிள்ளைங்களை அப்படிக் கத்தித் தடுத்திருப்பேன், நிஜமாப் பயந்தவங்களுக்குத்தான் அந்தக் குரல் வரும்" என்றார்.

கதையில் அப்படி ஒரு வரியே கிடையாது. அப்புறம்தான் உறைத்தது, சந்தோஷத்தில் அந்தத் துண்டை வெட்ட மறந்துவிட்டேன்! லேப்டாப் சுட்டதற்குப் போட்ட அலறல் அப்படியே டிஸ்க்கில் ஏறி ஊரெல்லாம் போய்விட்டது. நான் உண்மையைச் சொல்லிவிட்டேன், டீச்சர் தையல் வலிக்கிறது சிரிக்க வைக்காதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டே சிரித்தார். நூலகரிடம் மன்னிப்புக் கேட்டு, அதை வெட்டிவிட்டு வேறு டிஸ்க் அனுப்புகிறேன் என்றேன். அவர் பதறிப்போய், "வெட்டிடாதீங்கம்மா, கேட்ட எல்லாரும் அந்த இடத்தைத்தான் சொல்றாங்க. அடுத்த புத்தகத்துல ஆம்பளை வசனம் எல்லாத்தையும் அவரையே படிக்கச் சொல்லுங்க" என்றார். இதைக் கேட்டதும் உன் அப்பா முதலில் ம்ஹூம் என்றார். மறுநாள் சவரம் செய்து இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு துணி அறை வாசலில் நின்றார். இப்போது நாங்கள் இரண்டு பேரும் உள்ளே உட்காருகிறோம், அவருடைய பழைய கோட்டை வெளியே எடுத்து மாட்டிவிட்டோம். அவர் படிக்கும்போது பஸ் புறப்படும் நேரத்தை அறிவிக்கிற மாதிரிதான் இருக்கிறது, கோபப்படுகிற இடத்திலும் அதே குரல், அழுகிற இடத்திலும் அதே குரல். திருத்தினால் முறைக்கிறார். ஆனால் இந்த வீட்டில் மறுபடியும் பேச்சு இருக்கிறது, சண்டை இருக்கிறது, யார் பிழையாகப் படித்தது என்று சாப்பிடும்போதுகூட வாதம் நடக்கிறது. நேற்று ஒரு கொள்ளைக்காரன் அலறுகிற இடம் வந்தது, அவருக்கு எவ்வளவு முயன்றும் அலறல் வரவில்லை. "மறுபடி ஒரு தடவை கம்பளி மேல வெச்சுத் தொட்டாத்தான் வரும் போல இருக்கு" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார், வாய்விட்டு, அந்தச் சிரிப்பையும் நிறுத்தாமல் பதிவு செய்துவிட்டேன், இதை நான் வெட்டப் போவதில்லை.

நீ நினைத்தது நினைத்தபடி நடந்து, நல்ல மனிதர்கள் சூழ, நோய்நொடி அண்டாமல் நிறைவாக வாழ வேண்டும் என்று நானும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்க மறக்காதே, நின்றுகொண்டே சாப்பிடாதே. உன் லேப்டாப்பைப் படுக்கையில் வைத்துக்கொண்டு படம் பார்க்கிற பழக்கம் உனக்கு உண்டு, எனக்குத் தெரியும், இன்றைக்கே அதை மேஜைக்கு மாற்றிவிடு, அதற்கும் மூச்சு வேண்டும்.

எப்போதும் உன் நினைவாக இருக்கும்
அம்மா

(அப்பா பக்கத்தில் நின்று இதை முழுக்க வாசித்துப் பார்த்துவிட்டார். கை சுட்டது நிஜமாகவே பெரிய சூடு, அம்மா குறைத்து எழுதியிருக்கிறாள் என்று சேர்த்து எழுதச் சொல்கிறார்.)